‘வா’வுக்கு அடுத்த எழுத்து

1

நாங்கள் ஜெர்மனிக்குக் குடிபோய் இந்தக் கார்த்திகையோடு ஐந்து வருடம் ஆகிறது. என் மனைவி கவிதா காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். விமான நிலையத்தில் நானும் அவளும் மகள் நிலாவும் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிறோம். நிலாவுக்கு அப்போது ஐந்து வயது. குளிருக்கு வாங்கிய சட்டை அவளுக்கு முழங்கால் வரை தொங்குகிறது. படத்துக்குக் கீழே “அஞ்சு வருஷம் ஆச்சுங்க” என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பதில் எழுதத் தெரியாமல், புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் இருவரும் அங்கே, நான் இங்கே. திரும்பிப் போக விடுவார்களா என்று தெரியவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு என்ன குறை என்று கேட்கும் நம்மூர் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருமயத்தில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்டால் “கம்ப்யூட்டர் வேலைங்க” என்று முடித்துக்கொள்வேன். இங்கே அப்படி முடிக்க முடியாது.

நெட்வொர்க்கில் என்ன ஓடுகிறது என்று பிடித்துக் காட்டும் மென்பொருளை உருவாக்குகிற ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் டாக்டரின் கணினிக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தடைப்பட்டது என்று பார்க்க, கம்பி வழியாகப் போய்வரும் ஒவ்வொரு சிறு தகவல் பொட்டலத்தையும் எங்கள் மென்பொருள் வரி வரியாகக் காட்டும். வரிகள் கொட்டிக்கொண்டே இருக்கும். வெறும் கண்ணால் அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத் திரையின் மேலே நீளமாக ஒரு பெட்டி உண்டு. எது வேண்டும் என்று அதில் எழுதினால் மற்றதெல்லாம் மறைந்துவிடும். ஃபில்டர் பெட்டி என்போம்.

அதில் எழுத வேண்டிய பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் ஒன்றைப் போல ஒன்று இருக்கும், நடுவில் புள்ளி வைத்து வைத்து நீளும். முழுதாக நினைவில் வைத்திருப்பவர் யாருமில்லை. ஆகவே ஒருவர் இரண்டு மூன்று எழுத்து அடித்ததுமே, அவர் எழுத நினைப்பது என்னவாக இருக்கும் என்று ஊகித்துக் கீழே ஒரு பட்டியலை விரிக்க வேண்டும். போனில் நீங்கள் தேடும்போது மீதிச் சொல்லை அதுவே எடுத்துக் கொடுக்கிறதல்லவா, அதுதான். அதை வடிவமைப்பது என் பொறுப்பு.

கேட்பதற்குச் சின்ன வேலை. உள்ளே போனால் முடிவே இல்லை. எத்தனை எழுத்துக்குப் பிறகு பட்டியலை விரிப்பது? அகர வரிசையில் காட்டுவதா, அதிகம் பேர் கேட்பதை மேலே வைப்பதா? பழக்கப்பட்டவர் வேகமாக அடித்துக்கொண்டு போகும்போது பட்டியல் குறுக்கே வந்து கண்ணை மறைக்காதா? எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, என்டர் பொத்தானைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பது. அவர் எழுதியது அப்படியே ஓட வேண்டுமா, அல்லது பட்டியலில் முதலில் நிற்பதை நாமே எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாமா?

என் மேலாளர் தோபியாஸ் முதலில் நிற்பதையே போட்டுவிடலாம் என்றார். “பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும் சரவணன். ஆட்களுக்கு நேரம் மிச்சம்.”

சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து சிலரை அழைத்திருந்தோம். அவர்களில் ஒருவர் ஹைக்கே. ஓர் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் நடுவயதுப் பெண். நான் கொடுத்த பயிற்சியில் ஒரு கோளாறைத் தேடச் சொன்னேன். அவர் சரியாகத்தான் எழுதத் தொடங்கினார். பாதியில் என்டரைத் தட்டினார். பெட்டிக்குள் வேறொரு பெயர் போய் உட்கார்ந்துகொண்டது. திரை வெறுமையானது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “அப்படியென்றால் கோளாறு ஒன்றும் இல்லை” என்று முடித்துவிட்டார்.

“நீங்கள் எழுத நினைத்தது அதுதானா?” என்று கேட்டேன்.

அவர் பெட்டியை மறுபடி பார்த்தார். “இல்லை. ஆனால் என்னைவிட இதற்குத் தெரியும் என்று நினைத்தேன்” என்றார்.

முதல் வரியை நாமாக எடுத்துப் போடக் கூடாது என்று அன்றிலிருந்து தோபியாஸோடு எனக்கு மல்லுக்கட்டு. ஆடி மாதம் ஆத்தா விழுந்த செய்தி வந்தபோது அந்த மல்லுக்கட்டு நடுவில் இருந்தது.

3

எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நூறு பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். போனில் பேசினால் நான் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வேன். நான் அலுவலகத்தில் இருக்கும்போது கூப்பிட்டு, “ஏன்டா, அந்த ஊர்ல மனுசங்க சத்தமே கேக்கலையே, எல்லாரும் செத்துட்டாங்களா?” என்று கேட்பாள்.

கிணற்றடியில் விழுந்தாள். பக்கவாதம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. சொல்வது காதில் விழும், புரியும். பதில் மட்டும் வாய்க்கு வராது. “மூளையில பேச்சுக்கான எடத்துல அடிபட்டிருக்கு, கொஞ்சங் கொஞ்சமா வரலாம், வராமலும் போகலாம்” என்று டாக்டர் சொன்னதாக அண்ணன் சொன்னான்.

அண்ணன் செல்வராசு திருமயத்தில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். பகல் முழுக்க ஆத்தாவைப் பார்த்துக்கொள்வது அண்ணி தேன்மொழி. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கரைத்த சோறு ஊட்டுவது எல்லாம் அவர்தான்.

என் மதிய உணவு நேரத்தில் தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். நிறுவனத்தின் சமையலறையில் மற்றவர்கள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் மூலையில் சுவரைப் பார்த்து நிற்பேன். ஆத்தா திரையை வெறித்துப் பார்ப்பாள். இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே கொண்டுவந்து விரல்களை மடக்குவாள். பிறகு, அந்த நாட்களில் அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே ஒலியைச் சொல்வாள்.

“வா.”

அண்ணன் பின்னாலிருந்து, “ஒன்னத்தான்ப்பா கூப்பிடுது. நாள் பூரா இதே பேச்சுத்தான். வா, வான்னுக்கிட்டே கெடக்கு” என்பான்.

“வர்றேன் ஆத்தா. கண்டிப்பா வர்றேன்.”

“வா... வா...”

ஆவணி பிறந்ததும் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாள். ஸ்பூன் உதட்டருகே போனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி அழுதார். “தம்பி, நான் என்ன செய்யட்டும்ங்க? ரெண்டு வாய் வாங்குறாங்க, அப்புறம் தட்டி விட்டுர்றாங்க. ஒங்க மொகத்தப் பாத்தா சாப்பிடுவாங்களோ என்னமோ.” அண்ணன் ஒரு படி மேலே போய், “நீ வந்து நிக்கிற வரைக்கும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்” என்றான்.

திரையில் ஆத்தாவின் கன்ன எலும்பு தெரியத் தொடங்கியது.

4

உடனே கிளம்ப வேண்டியதுதானே என்பீர்கள். என்னுடைய தங்கும் அனுமதி அட்டை ஆனியிலேயே காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். கிடைத்ததாகத் தானாக வரும் ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நாட்டுக்குள் இருக்கலாம். வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அதற்குத் தனியாக ஒரு சான்று வேண்டும், அந்தச் சான்றுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், நேரில் போக முன்பதிவு வேண்டும். முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தால் எந்த நாளும் காலியில்லை என்று காட்டும். எங்கள் தெருவில் என்னைப் போல நாலு பேர் காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

ஒருநாள் அந்த அலுவலகத்தில் போனை எடுத்துவிட்டார்கள். மறுமுனையில் ஒரு பெண். பேச வேண்டியதை முன்பே மனத்தில் கோத்து வைத்திருந்தேன். ஆனாலும் நாக்குத் தடுமாறியது. அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை என்று சொல்வதற்கு ‘ஷ்ப்ராக்லோஸ்’ என்ற சொல்லைப் போட்டேன். ஷ்ப்ராக என்றால் மொழி, லோஸ் என்றால் இல்லாமை. சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பெண் ஒரு கணம் நிறுத்தி, “ஓ, நல்ல செய்தியா?” என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நிலா தலையில் அடித்துக்கொண்டாள். “பப்பா! அது சந்தோஷத்துல, ஆச்சரியத்துல பேச முடியாம போறதுக்கு!” என் கையிலிருந்து போனை வாங்கி, மளமளவென்று ஜெர்மனில் பேசினாள். பத்து வயதுப் பிள்ளை. பாட்டிக்குப் பக்கவாதம் என்று அவள்தான் அதிகாரியிடம் சொன்னாள். அந்தப் பெண் வருத்தம் தெரிவித்தார். முன்பதிவு இணையத்தில் மட்டும்தான், காத்திருங்கள் என்றும் சொன்னார்.

நிலா போனைத் திருப்பித் தரும்போது, “நீங்க பேச ஆரம்பிச்சா எனக்குப் பயமா இருக்கு பப்பா. நான் முடிக்கிறேனே” என்றாள். அவள் தமிழில் சொன்னது அந்தக் கடைசிச் சொற்களை மட்டும். மீதி ஜெர்மன். அப்பத்தாவைப் பற்றி அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அப்பத்தா என்பவள் திரையில் தெரிகிற, சத்தமாகப் பேசுகிற ஒரு முகம். இப்போது சத்தம் இல்லை.

கவிதா ஒரு மருந்தகத்தில் உதவியாளராக வேலை செய்கிறாள். அந்தப் போன் பேச்சுக்கு மூன்றாவது நாள் காலை, நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றதைப் பார்த்தாள்.

“போய்ட்டு வாங்க.”

“திரும்ப விடலேன்னா?”

“விடலேன்னா பாத்துக்கலாம். அத்தைக்கு ஏதாவது ஆகி, நீங்க இங்க நின்னுக்கிட்டிருந்தா, அப்புறம் நீங்க எனக்கும் ஆக மாட்டீங்க, நிலாவுக்கும் ஆக மாட்டீங்க.”

தோபியாஸிடம் விடுப்புக் கேட்டேன். கொடுத்தார். நல்ல மனிதர்தான். “அட்டை இல்லாமல் போகிறாய். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வேலை செய்ய முடியாது, தெரியுமல்லவா?” என்றார். தெரியும் என்றேன். என்டர் பொத்தான் விவகாரத்தை நான் வரும்வரை முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்துத் தோளில் தட்டினார்.

5

புரட்டாசியில் திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை வந்து, அரிமளம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். வழி நெடுக மனத்தில் ஒரே காட்சிதான். நான் உள்ளே நுழைவேன், ஆத்தா பார்ப்பாள், அவள் கூப்பிட்டது பலித்துவிட்டது என்று முகம் மலரும், சாப்பிடுவாள்.

ஆத்தா பார்த்தாள். கண் நிறைந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, “வந்துட்டேன் ஆத்தா, பாரு, வந்துட்டேன்ல” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்து, “வா” என்றாள்.

“வந்துட்டேன்த்தா.”

“வா... வா...” இடது கை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே போனது. விரல்கள் மடங்கின.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாயி பழகிப் போச்சுப்பா. அது என்ன சொல்லுதுன்னு அதுக்கே தெரியாது” என்றான். அண்ணி கஞ்சி கொண்டுவந்தார். நான் வாங்கி ஊட்டினேன். ஒரு வாய் வாங்கியவள் முகத்தைச் சுளித்து, தலையைத் திருப்பி, கஞ்சியைத் தலையணை மேல் வழியவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவள் வா, வா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் விதவிதமாகக் கேட்டேன். கவிதாவையா வரச் சொல்ற? நிலாவையா? கோயிலுக்குப் போகணுமா? வாசலுக்குத் தூக்கிட்டுப் போகவா? ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணை மூடினாள். வாசலுக்கா என்றபோது அலுத்துப்போய்த் தலையை ஆட்டினாள். அண்ணனும் நானும் நாற்காலியோடு தூக்கிப்போய் வாசலில் வைத்தோம். அங்கே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அண்ணன், “தெருவப் பாத்ததும் பழசெல்லாம் நெனப்புக்கு வருது போல” என்றான்.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குக் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. களைத்துப்போய்விட்டேன். பெரிய யோசனை எதுவும் செய்யவில்லை. என் வேலையோ ஹைக்கேயோ அப்போது நினைவிலேயே இல்லை. வாயை மூடிக்கொண்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

“வா” என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ சொல்லப் போன அண்ணியைக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“வா...” உதடு கோணிக்கொண்டு எதையோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. அதுவரை யாரும் அவளுக்கு அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. வா என்றதும் யாராவது ஒருவர் மீதியைச் சொல்லிவிடுவோம்.

“வா... வா... யி.”

கை முகத்துக்கு நேரே போனது. விரல்கள் மடங்கின. இந்த முறை அந்தக் கை எங்கே போகிறது என்று பார்த்தேன். அது யாரையும் கூப்பிடவில்லை. இடது கன்னத்தைத் தொட முயன்று, பாதியில் நடுங்கி நின்றது.

போன் விளக்கைப் போட்டு வாயைத் திறந்து பார்த்தேன். இடது கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. கிணற்றடியில் விழுந்தபோது உடைந்திருக்கும். அதன் முனை நாக்கின் ஓரத்தை அறுத்து அறுத்து, வெள்ளையாகச் சீழ் கட்டி, ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒவ்வொரு ஸ்பூன் கஞ்சியும் அதன் மேலேதான் போயிருக்கிறது. ஆடியிலிருந்து.

அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். “நான்தானே தம்பி தெனமும் ஊட்டுறேன். நான்தானே ஊட்டுறேன்...” அண்ணன் வெளியே போய் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

6

புதுக்கோட்டையில் பல் டாக்டர் அந்த முனையை ராவிவிட்டு, பிறகு பல்லையே எடுத்தார். புண்ணுக்கு மருந்து கொடுத்தார். “ஏங்க இவ்வளவு நாள் விட்டீங்க?” என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் ஆத்தா குழைந்த சோறு சாப்பிடத் தொடங்கினாள். இப்போது கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. புண் ஆறிய பிறகு ‘வா’ என்பதையும் விட்டுவிட்டாள். வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது.

அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. இதை என்னால் எந்தப் பக்கமும் நகர்த்தி வைக்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது, வாய்க்குள் பார்க்க ஒரு டார்ச். எனக்கு ஊரைவிட்டு வந்தவனுடைய உறுத்தல். அண்ணனுக்கு ஒற்றை ஆளாய்ச் சுமக்கிற கோபம். அண்ணிக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அவள் அடித்த ஒற்றை எழுத்துக்குக் கீழே எங்கள் பட்டியலை நாங்கள் விரித்தோம். மேலே நின்றதை எடுத்துப் போட்டோம்.

திரும்பிப் போக, சென்னையில் புதிதாக விசா கேட்டிருக்கிறேன். அதற்கு வேலை உறுதிக் கடிதம் வேண்டும். நிறுவனத்தில் கேட்டால், நீ நாட்டுக்குள் இருந்தால்தான் உறுதி தர முடியும் என்கிறார்கள். உள்ளே போக வேலை வேண்டும், வேலைக்கு உள்ளே இருக்க வேண்டும். போன வாரம் தோபியாஸ் எழுதியிருந்தார். மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகிவிட்டதாம், ஃபில்டர் பெட்டிக்கு நல்ல வரவேற்பாம். என்டரைத் தட்டினால் முதல் வரிதான் போய் விழுகிறது. என் இடத்துக்கு வருகிற மாதம் ஓர் ஆளை எடுக்க வேண்டியிருக்கும் என்றும், மன்னிக்கும்படியும் எழுதியிருந்தார்.

நிலா வாரம் ஒருமுறை பேசுகிறாள். நேற்று “எப்ப வருவீங்க?” என்று கேட்டாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே, “சீக்கிரம். சரி” என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டாள். கவிதா வேலை நேரத்தைக் கூட்டியிருக்கிறாள். அழுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று காலை நல்ல மழை. ஆத்தாவுக்கு இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் ஸ்பூனைத் தள்ளினாள். என்னைப் பார்த்தாள். உதடு கூடியது.

“போ.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சொல். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். “போதும்ங்குறாங்க தம்பி.” அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றான். பிறகு, “இல்ல தேனு. அவனப் போகச் சொல்லுது. புள்ளகிட்டப் போங்குது” என்றான்.

அதுவாக இருக்க வேண்டும் என்று என் உடம்பு முழுவதும் கேட்டது. அவளே சொல்லிவிட்டாள் என்றால் நான் ஓடிவிடலாம். எந்தக் கதவும் திறக்காவிட்டாலும், ஆத்தா போகச் சொன்னாள் என்பதை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்வேன். தலையை ஆட்டி, சரித்தா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். அண்ணனும் அண்ணியும்கூடப் பேசவில்லை. ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆத்தா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி உதட்டைக் கூட்டினாள். நடுவில் வழி தவறி, திரும்ப வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தாள்.

“போ... ர்வ.”

காலைத் தொட்டுப் பார்த்தேன். பாதம் இரண்டும் சில்லிட்டிருந்தன. கொடியில் கிடந்த போர்வையை எடுத்து, கழுத்து வரை போர்த்திவிட்டேன்.